மரியாதை நிமித்தச் சந்தேகம்

இந்தக் கதையில் எதையும் நான் நேரில் பார்க்கவில்லை. அந்தப் பதினொரு மாடிக் கட்டடத்தின் பதிவறையில் தற்காலிகத் தட்டச்சராக இருந்த என் சித்தி மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளும் பாதியைக் கண்ணால் பார்த்தாள், மீதியைக் கோப்பில் படித்தாள். கோப்பில் இருந்த பாதிதான் நம்ப முடியாததாக இருந்தது. அதனால் அதில் கை வைக்காமல் எழுதுகிறேன்.

அந்தக் கட்டடத்தில் பதினேழு அரசு அலுவலகங்கள், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு லிப்டுகள், இரண்டுக்கும் சேர்த்து ஒரு லிப்ட் மெக்கானிக். மெக்கானிக் அக்கரையார். அதாவது, அவருடைய தாத்தா ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து படகில் வந்தவர். தாத்தா வந்து இறங்கி எழுபது வருடமாகிறது. பேரன் இன்னும் வந்துகொண்டே இருப்பதாகத்தான் ஊர் நினைத்தது.

ஆறு வருடத்துக்கு முன்னால் இன்னொரு நகரத்தின் சந்தையில் குண்டு வெடித்தது. வைத்தவர்கள் மூன்று பேர், அக்கரையார். செத்தவர்கள் பத்தொன்பது பேர். அதில் நான்கு பேர் அக்கரையார். மூன்று எல்லாருக்கும் நினைவிருந்தது. நான்கு யாருக்கும் நினைவில்லை.

அன்று முதல் கட்டட வாசலில் ஒரு மேஜை, ஒரு பதிவேடு, ஒரு காவலாளி. ஊதினாலும் ஊதாவிட்டாலும் வாயில் விசிலைக் கவ்விக்கொண்டே இருப்பதால் அவருக்கு விசில் என்றே பெயர். தினமும் காலையில் விசில், மெக்கானிக்கின் பையை மேஜையில் கொட்டச் சொல்லுவார். ஸ்பானர், டெஸ்டர், ஒயர், ரிலே, இன்சுலேஷன் டேப், கிரீஸ் டப்பா என்று மொத்தம் நாற்பத்து மூன்று சாமான்கள். ஒவ்வொன்றாக எழுத வேண்டும்.

"எதுக்கு வந்தீங்க?"

"லிப்ட் ரிப்பேர்."

"யார் கூப்பிட்டது?"

"நீங்கதான் அண்ணே. எட்டு மணிக்கு போன் பண்ணி, லிப்ட் நாலாம் மாடியில நிக்குது, ஓடி வான்னீங்களே."

"அது போன்ல. இது பதிவேட்டுல. யார் கூப்பிட்டது?"

விசில் கெட்டவர் இல்லை. மெக்கானிக்கின் மகளுக்குக் காய்ச்சல் என்றால் அரைமணி நேரம் மருந்து பற்றி விசாரிப்பார். விசாரித்துவிட்டுப் பையைக் கொட்டச் சொல்லுவார்.

மெக்கானிக் ஒன்பது வருடமாக ஒப்பந்த ஊழியர். அடுத்த மாதம் முடிந்து வரும் முதல் தேதி ஒப்பந்த ஊழியர்கள் எல்லாரையும் நிரந்தரமாக்கப் போவதாக உத்தரவு வந்திருந்தது. நிரந்தரமானால் ஊழியர் குடியிருப்பில் ஒரு வீடு கிடைக்கும். வீடுதான் அவருக்கு முக்கியம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போலீஸ் வந்து விசாரித்துவிட்டுப் போவதால், வீட்டுக்காரர் அடுத்த மாதக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார். அக்கரையாருக்கு வீடு கொடுக்கிற தெரு அந்த ஊரில் அதிகம் இல்லை.

நிரந்தரமாக ஒரு சான்றிதழ் மட்டும் வேண்டும். ஐயமின்மைச் சான்றிதழ். கொடுப்பவர் கட்டடத்தின் பாதுகாப்பு அதிகாரி. விதி எளிமையானது: ஒரு வருடத்தில் முப்பது தடவைக்கு மேல் வாசலில் நிறுத்தப்பட்டவருக்குச் சான்றிதழ் கிடையாது. மெக்கானிக் இருநூற்றுத் தொண்ணூற்றொரு தடவை நிறுத்தப்பட்டிருந்தார்.

"சார், என்னை நிறுத்தாம விட்டா எண்ணிக்கை குறைஞ்சிடும்."

"எப்படிப்பா நிறுத்தாம விட முடியும்? உன் பேர்ல இருநூத்துத் தொண்ணூத்தோரு பதிவு இருக்கே" என்றார் அதிகாரி, மிகுந்த வருத்தத்துடன்.

இந்த நிலையில்தான் பாதுகாப்புத் தலைமையகத்துக்கு மனசாட்சி வந்தது. நகரத்தில் அக்கரையார் நூற்றுக்கு எட்டுப் பேர். வாசல்களில் நிறுத்தப்படுகிறவர்களிலோ நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் என்று ஒரு பத்திரிகை எழுதிவிட்டது. பத்து நாளில் 'சமச் சந்தேக ஆணை' வெளிவந்தது. "பாதுகாப்பில் எள்ளளவும் தளர்வின்றியும், எந்தச் சமூகத்தாரின் மனமும் எள்ளளவும் புண்படாமலும், இனிமேல் சந்தேகமானது மக்கள்தொகை விகிதப்படி பகிர்ந்தளிக்கப்படும்" என்றது ஆணை. எட்டு அக்கரையாரை நிறுத்தினால் தொண்ணூற்றிரண்டு இக்கரையாரை நிறுத்த வேண்டும். அக்கரையாரை நிறுத்துவதைக் குறைக்கலாமே என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்களாம். அது தளர்வு என்று குறித்துக்கொண்டார்கள்.

முதல் நாள் விசில் நிறுத்தியது இரண்டாம் மாடி மேற்பார்வையாளர் அம்மாவை.

"என் கைப்பையையா திறக்கச் சொல்ற? நான் யாருன்னு தெரியாது உனக்கு?"

"நல்லாத் தெரியும்மா. இக்கரை. அதான் நிறுத்தறேன்."

மதியத்துக்குள் அதிகாரிக்குப் பதினான்கு புகார்கள். அதிகாரி அறையைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் யோசித்தார். வெளியே வரும்போது முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. சந்தேகத்தை இரண்டாகப் பிரித்துவிட்டார். ஒன்று, சந்தேகம். இன்னொன்று, மரியாதை நிமித்தச் சந்தேகம்.

இரண்டாவது வகைக்கு வாசலில் நாற்காலி போட்டார்கள். சந்தேகிக்கப்படுகிறவர் உட்காருவார். விசில் தேநீர் கொடுப்பார். "தங்களைச் சந்தேகிக்க அனுமதிக்க வேண்டுகிறேன்" என்பார். அவர் தலையசைப்பார். பையைத் திறக்க மாட்டார்கள். பதிவேட்டில் "திறக்கத் தயாராக இருந்தார்" என்று எழுதி ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு, சட்டையில் ஒரு மஞ்சள் அட்டையைக் குத்திவிடுவார்கள். "நானும் சந்தேகிக்கப்பட்டேன்" என்று அதில் அச்சடித்திருக்கும்.

இரண்டு வாரத்தில் கட்டடமே மஞ்சளானது. அட்டை இல்லாமல் கூட்டத்துக்கு வருவது நாகரிகக் குறைவாகிவிட்டது. சிலர் அட்டைக்குப் பொருத்தமாகச் சட்டை எடுத்தார்கள். அக்கரையாரின் வலி தனக்கு இப்போதுதான் புரிகிறது என்று மேற்பார்வையாளர் அம்மா தேநீரை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். ஐந்தாம் மாடி துணை இயக்குநர், தன்னை மூன்று நாளாக யாரும் சந்தேகிக்கவில்லை என்றும், இது திட்டமிட்ட அவமதிப்பு என்றும் எழுத்துமூலம் புகார் கொடுத்தார். மறுநாள் அவரைக் காலையிலும் மாலையிலும் சந்தேகித்து இரண்டு அட்டை குத்தினார்கள்.

மெக்கானிக் எதிர் மேஜையில் நாற்பத்து மூன்று சாமான்களைக் கொட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு அட்டை கிடையாது. அவருடையது உண்மையான சந்தேகம்.

இவ்வளவு தேநீர் கொடுத்தும் விகிதம் எட்டவில்லை. மாதக் கடைசியில் தலைமையகம் கணக்கெடுக்க வரும். அதிகாரி மெக்கானிக்கை அறைக்குக் கூப்பிட்டார்.

"நீ தினமும் அக்கரைக் கட்டத்துல விழறதாலதான் எனக்கு விகிதம் கெடுது. இன்னிலேர்ந்து உன்னை இக்கரைக் கட்டத்துல எழுதறோம். கையெழுத்துப் போட்டுடு."

"அப்படி எழுதலாமா சார்?"

"எழுதினா உன் பேர்ல சந்தேகக் கணக்கு ஏறாது. முன்னால இருக்கறதையும் பார்த்துச் சரி பண்ணலாம். உனக்குச் சான்றிதழ் வேணுமா, வேணாமா?"

மெக்கானிக் சற்று யோசித்தார். "அப்ப பையைக் கொட்ட வேணாமா சார்?"

"கொட்டாம? பை உன்னைப் பொறுத்தது. கட்டம் புள்ளிவிவரத்தைப் பொறுத்தது."

அன்று சாயங்காலம் விஷயத்தைக் கேட்ட மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நிஜமாவே இக்கரைன்னு எழுதிட்டாங்களா?"

"கையெழுத்தே போட்டுட்டேன்."

"அப்ப கீழ போய் வீட்டுக்காரர்கிட்ட காட்டுங்க. மாடிக் குழாயில தண்ணி விடுவாரான்னு பார்ப்போம்."

"வாசல்ல மட்டும்தான் இக்கரை."

"வாசல்லயாவது ஆனீங்களே. முதல் தேதி வரைக்கும் வாயைத் திறக்காதீங்க. எதையும் பார்க்காதீங்க. வீடு கைக்கு வரட்டும்."

அவர் சரி என்றார். இருபத்தாறு நாள் இக்கரையாராக நிறுத்தப்பட்டு, அக்கரையாராகச் சோதிக்கப்பட்டார்.

இருபத்தாறாம் நாள் சாயங்காலம் கோட்டு போட்ட இரண்டு கனவான்கள் சாம்பல் நிறப் பை ஒன்றுடன் வந்தார்கள். நாற்காலி, தேநீர், கையெழுத்து, ஆளுக்கொரு அட்டை. பை கனமாக இருக்கிறதே என்று விசிலே அதைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய் லிப்டில் வைத்துவிட்டு வந்தார். போகும்போது அவர்கள் கையில் பை இல்லை. அவர்கள் வெறுங்கையுடன் போனது விசிலுக்குத் தெரியும். ஆனால் வெளியே போகிறவர்களைச் சந்தேகிக்க ஆணையில் இடமில்லை.

மறுநாள் மெக்கானிக் ஏழாம் மாடிக்குப் போனார். அங்கே இரண்டு லிப்டுகளுக்கும் நடுவில் ஒரு சுவிட்ச் அலமாரி. அதன் பூட்டு உடைந்து எட்டு மாதமாகிறது. மாற்றச் சொல்லி மூன்று கடிதம் எழுதியிருந்தார். கதவைத் திறந்தார். பெரிய ஃப்யூஸ் கட்டைக்குக் கீழே சாம்பல் பை. உள்ளே டிக் டிக் என்று சத்தம்.

அவர் செய்த முதல் காரியம், ஆட்கள் அந்த இடத்தில் வந்து நிற்காமலிருக்க இரண்டு லிப்டையும் நிறுத்தியது. இரண்டாவது, ஏழாம் மாடி ஓய்வூதியப் பிரிவுக்குள் தலையை நீட்டி, "கரண்ட் லீக் ஆகுது, எல்லாரும் கொஞ்சம் கீழ இறங்குங்க" என்றது. முப்பத்தெட்டுப் பேரும் ஒரு நிமிஷத்தில் காலி. வேலையை விட்டு எழுந்திருக்க அவர்களுக்கு அவ்வளவு பெரிய காரணம்கூடத் தேவைப்பட்டிருக்காது. மூன்றாவதாக, ஏழு மாடியையும் படிவழியாக இறங்கி ஓடி வாசலுக்கு வந்தார்.

"அண்ணே, ஏழாம் மாடி அலமாரியில ஒரு பை. சத்தம் வருது."

விசில் வாயிலிருந்து விசிலை எடுத்தார். "யார் பார்த்தது?"

"நான்தான்."

"நீங்களா?" விசில் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஏங்க, உங்களுக்கு வேற வேலையே இல்லையா? கண்டவர் படிவத்துல ஒன்பதாம் கட்டம் என்ன தெரியுமா? கண்டவர் எந்தச் சமூகம். அக்கரைன்னு எழுதினா, நாப்பத்தெட்டு மணி நேரம் உங்களைத்தான் முதல்ல வெச்சு விசாரிக்கணும். அப்புறம்தான் பை."

"இக்கரைன்னு எழுதினா?"

"அது வருகைப் பதிவேடு. இது கண்டவர் படிவம். இதுல அடையாள அட்டை நகல் ஒட்டணும்."

"அப்ப நீங்க வந்து பாருங்களேன். நீங்க பார்த்ததா எழுதிடலாம்."

"நான் மேஜையை விட்டு நகரக் கூடாது. பாதுகாப்பு." யோசித்து ஒரு வழியும் சொன்னார். "யாராவது இக்கரை ஆளைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. அவங்க பார்க்கட்டும்."

நியாயமான யோசனை. மெக்கானிக் இரண்டாம் மாடிக்கு ஓடினார்.

"அம்மா, ஏழாம் மாடி வரைக்கும் வர முடியுமா? அங்க ஒரு பை இருக்கு. நீங்க பார்த்தா நல்லா இருக்கும்."

"என் பையா?"

"இல்லம்மா."

"அப்புறம் நான் ஏன் பார்க்கணும்?" என்ற மேற்பார்வையாளர் அம்மா, எழுந்திருக்கப் போனவர், நின்றார். "லிப்ட் ஓடுதா?"

"நிறுத்தியிருக்கேன்."

"ஏழாம் மாடிக்குப் படியிலயா? என் முட்டி என்ன ஆகறது? ஓட விட்டுட்டு வந்து கூப்பிடு."

லிப்டை ஓடவிட்டால் பையின் பக்கத்தில் கூட்டம் நிற்கும். ஓடவிடாவிட்டால் பையைப் பார்க்க ஆள் வராது. மெக்கானிக் ஐந்தாம் மாடிக்கு ஓடினார். துணை இயக்குநர் நெஞ்சில் இரண்டு அட்டையுடன் உட்கார்ந்திருந்தார்.

"இதோ பாருப்பா. நான் சந்தேகிக்கப்படறதுக்குத்தான் ஒத்துக்கிட்டேன். சந்தேகப்படறதுக்கு இல்ல. அது என் கொள்கைக்கு விரோதம்."

படிக்கட்டில் மெக்கானிக் ஒரு நிமிஷம் உட்கார்ந்தார். எதையும் பார்க்காதீங்க என்று மனைவி சொன்னது ஞாபகம் வந்தது. வீடு ஞாபகம் வந்தது. கரண்ட் லீக் நின்றுவிட்டதா என்று கேட்டுக்கொண்டே ஓய்வூதியப் பிரிவு ஆட்கள் மேலே ஏற ஆரம்பித்திருந்தார்கள். அவர் எழுந்து, அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, நேராக அதிகாரியின் அறைக்குப் போய்க் கண்டவர் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். ஒன்பதாம் கட்டத்தில் அக்கரை என்று எழுதினார்.

அதிகாரி படிவத்தை மட்டும் படித்தார். "அடப்பாவி. நாளைக்குக் கணக்கெடுக்க வர்றாங்க. இன்னிக்குப் போய் அக்கரைன்னு எழுதியிருக்கியே."

"சார், பை வெடிச்சா?"

"வெடிச்சா வேற படிவம். அது நீல நிறம்." அதிகாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "உனக்கு எப்படித் தெரியும் அது வெடிக்கும்னு?"

"தெரியாது சார். ஜிப் பாதி திறந்திருந்தது. ஒரு கடிகாரமும் பேட்டரியும் தெரிஞ்சது. பேட்டரி ஒயரு எதுலயும் சேரல. வெடிக்காதுன்னுதான் தோணுது. ஆனா நிச்சயமாச் சொல்ல முடியல."

"வெடிக்காதுன்னு தோணுதா? அது எப்படித் தோணும்? எனக்குத் தோணலையே?" அதிகாரி அதையும் படிவத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டு, பிறகு தலைமையகத்துக்குப் போன் போட்டார்.

பேசப் பேச அவர் முகம் மாறியது. எழுந்து நின்றார். "நன்றிங்க ஐயா... ஆமாங்க ஐயா... எங்க ஆட்கள் எப்பவும் விழிப்பாத்தான் இருப்பாங்க."

அது ஒத்திகைப் பை. விழிப்புணர்வைச் சோதிக்கத் தலைமையகமே வைத்தது. உள்ளே இரண்டு செங்கல், ஒரு கடிகாரம், ஒரு பேட்டரி, ஒரு பாராட்டுக் கடிதம். நகரத்தில் முப்பது கட்டடத்தில் வைத்தார்கள். கண்டுபிடித்தது இந்த ஒரு கட்டடம்தான். கட்டடத்துக்குக் கேடயம். கண்டவருக்குப் பதக்கமும், நிரந்தரம் இல்லாதவராக இருந்தால் உடனடி நிரந்தரமும்.

செய்தி படிவழியாக ஏறி இறங்கிப் பரவியது. கால்மணி நேரத்தில் பதினொரு பேர் பையை முதலில் பார்த்திருந்தார்கள். மேற்பார்வையாளர் அம்மா முட்டியை மறந்து ஏழாம் மாடி வரை ஏறி, பையின் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கினார். துணை இயக்குநர், தான் அதை உள்ளூரச் சந்தேகித்ததாகவும், கொள்கை காரணமாக வெளியே சொல்லவில்லை என்றும் எழுதிக் கொடுத்தார்.

மெக்கானிக் அதிகாரியின் முன்னால் நின்றார். "சார், என் படிவம்தானே முதல்ல வந்தது?"

"வந்தது. அதான் பிரச்சினை. இக்கரை ஆள் கண்டுபிடிச்சா அது விழிப்பு. அக்கரை ஆள் கண்டுபிடிச்சா விசாரணை. நான் சொல்லலப்பா, படிவம் சொல்லுது."

"அப்ப இன்னிக்கும் என்னை இக்கரைன்னே எழுதிடுங்க சார். இருபத்தாறு நாள் எழுதினீங்களே."

அதிகாரி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது சந்தேகத்துக்கு. பாராட்டுக்கு உண்மையான விவரம் வேணும்."

விசாரணை முறைப்படி நடந்தது. அனுமதியின்றி லிப்டுகளை நிறுத்தி, பதினொரு கண்டுபிடிப்பாளர்களைத் தாமதப்படுத்தியது முதல் குற்றம். கரண்ட் லீக் என்று பொய்ச் செய்தி பரப்பியது இரண்டாவது. சத்தம் கேட்டும் போதிய அளவு பயப்படாதது மூன்றாவது. நான்காவதைப் பதிவேட்டைப் புரட்டும்போது கண்டுபிடித்தார்கள்: இருபத்தாறு நாள் தன் சமூகத்தை மறைத்து இக்கரை என்று காட்டியிருக்கிறார். கையெழுத்தும் அவருடையதே. சான்றிதழ் மறுக்கப்பட்டது. மாதக் கடைசியோடு ஒப்பந்தமும் முடிந்தது.

கேடயம் வழங்கும் விழா அந்த மாதக் கடைசி நாளில். தலைமையகப் பெரியவர், அதிகாரி, மேற்பார்வையாளர் அம்மா, துணை இயக்குநர் நான்கு பேரும் பதினோராம் மாடி அரங்குக்கு ஏறிய லிப்ட், நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் நின்றுவிட்டது. விசில் போன் போட்டார். மெக்கானிக் வீட்டில் சட்டிபானைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

வாசலில் விசில் கையை நீட்டித் தடுத்தார். "தப்பா நினைக்காதீங்க. பையைக் கொட்டணும்."

மேலேயிருந்து கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

"தப்பே இல்ல அண்ணே." மெக்கானிக் பையை மேஜையில் வைத்தார். ஒரு ஸ்பானரை எடுத்துத் துடைத்து வைத்தார். அடுத்ததை எடுத்தார். "நிதானமா எழுதுங்க. நாப்பத்து மூணு இருக்கு. ஒண்ணும் விட்டுடாதீங்க. எள்ளளவும் தளர்வு கூடாது."

"எதுக்கு வந்தீங்க?"

"லிப்ட் ரிப்பேர்."

"யார் கூப்பிட்டது?" என்று கேட்டுவிட்டு விசில் தலையைக் குனிந்துகொண்டார்.

எழுதி முடிக்க முப்பத்தைந்து நிமிஷமானது. பிறகு மெக்கானிக் ஏறிப்போய் நான்கு பேரையும் இறக்கிவிட்டார். பெரியவர் வியர்வையில் நனைந்திருந்தார். அவர் சட்டையில் மஞ்சள் அட்டையின் சாயம் இறங்கியிருந்தது. யாரும் மெக்கானிக்குக்கு நன்றி சொல்லவில்லை. அவர் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு போனார். அன்று சாயங்காலம் வீட்டைக் காலி செய்தார். எங்கே போனார் என்று என் சித்தி மகளுக்குத் தெரியாது.

போன மாதம் ஒரு வேலைக்கு விண்ணப்பம் கொடுக்க நானே அந்தக் கட்டடத்துக்குப் போனேன். நான் இக்கரை. வாசலில் நாற்காலி கொடுத்தார்கள். என் பையைத் திறக்கவில்லை. "திறக்கத் தயாராக இருந்தார்" என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுத் தேநீரையும் குடித்தேன். கேடயம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. லிப்டுகள் ஓடவில்லை. விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு, கேட்ட கதை சரிதானா என்று பார்க்க ஏழாம் மாடிக்குப் படியேறினேன். சுவிட்ச் அலமாரிக்கு இன்னும் பூட்டு மாற்றவில்லை. கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு பச்சைப் பை இருந்தது.

காதை வைத்துக் கேட்கவில்லை. ஒன்பதாம் கட்டத்தால் எனக்கு ஒரு தொந்தரவும் வராது. ஆனால் என் விண்ணப்பம் அந்தக் கட்டடத்தில்தான் இருக்கிறது. கதவைச் சாத்திவிட்டுப் படியிறங்கி வந்துவிட்டேன்.